ரோலாவில் நாலு ராத்திரி

லுக்மான் காக்காவை நாற்காலியோடு சேர்த்துப் பார்சல் டேப்பால் சுற்றியிருந்தார்கள். நாற்காலி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வலது கையில் மூன்று விரல்கள் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தன. நெற்றிக்கு மேலே, நரைமுடி தொடங்கும் இடத்தில், ஒரு திர்ஹம் காசு அளவுக்கு வட்டமான பள்ளம். ரத்தம் தரைவிரிப்பில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. ஏசி மட்டும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில், ஒரு மணி எக்ஸ்சேஞ்சுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும் அவருடைய சின்ன டிராவல்ஸ் ஆபீஸ் அது. வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி.

வாசலில் நின்றவர் முகம்மது ரிபாய். காயல்பட்டினத்துக்காரர், அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் மூத்தவரைக் காக்கா என்பார்கள். ஒரு வக்கீல் ஆபீசுக்காகக் காணாமல்போனவர்களையும் ஒளிந்துகொண்ட சாட்சிகளையும் தேடிப் பிடிப்பது அவர் வேலை. வயது ஐம்பது, இடது முழங்கால் மட்டும் எழுபது. பின்னால் நின்ற நாகவள்ளி தேனிக்காரி. அவருக்கு டிரைவர், உதவியாளர், ஓயாத வாய். எழவு வீட்டிலும் ஒரு கிண்டலை அடக்கத் தெரியாதவள் என்று பெயர். இப்போது துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"போலீசுக்கு அடி," என்றார் ரிபாய்.

அவள் போனை எடுக்க, அவர் சுவரோரமாக நடந்து மேஜையை எட்டிப் பார்த்தார். இழுப்பறைகள் எல்லாம் தரையில் கவிழ்க்கப்பட்டிருந்தன. மேஜை மேல் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் மட்டும் திறந்தபடி கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. காரணம் பார்த்ததும் புரிந்தது. எழுத்து எல்லாம் அரபி எழுத்து. ஆனால் அரபிக்காரன் படித்தாலும் ஒன்றும் விளங்காது. ஏனென்றால் அது தமிழ். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் பழைய ஆட்கள் சிலர் இன்னும் தமிழை அரபி எழுத்தில் எழுதுவார்கள். ரிபாய் அதைச் சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் கற்றுக்கொண்டவர்.

கடைசிப் பக்கத்தைப் படித்து மனதில் ஏற்றிக்கொண்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து போலீசுக்காக நின்றார்.

அன்று காலை எட்டு மணிக்கு இந்த வழக்கைக் கொண்டுவந்தவன் பாண்டித்துரை. ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கட்டட கம்பெனியின் லேபர் கேம்ப்புக்கும் வேலைத் தளத்துக்கும் சூப்பர்வைசர். வெளுத்த சட்டை, சிவந்த கண்கள். தங்கை பானுப்பிரியாவை இரண்டு நாளாகக் காணவில்லை என்றான். அவள் அதே பகுதியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவளுடைய புருஷன் வீரபாண்டி சவுதியில் யான்பு ரிஃபைனரியில் வேலை பார்க்கிறவன், கை நீட்டுகிற ஆள், அவளைக் கொல்லுவேன் என்று சொல்லிவிட்டு யான்புவிலிருந்து கிளம்பி வந்திருக்கிறான் என்றான். அவனுக்கு முன்னால் நாம் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும், அவள் ரோலாவில் எங்கோ இருப்பதாகக் கேள்வி என்று சொல்லும்போது குரல் உடைந்தது. வீரபாண்டியின் போட்டோ ஒன்றையும் கொடுத்தான். அந்த மீசைக்கு மட்டும் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும் என்று நாகவள்ளி சொன்னாள்.

ரிபாய் நேராகப் பானுப்பிரியாவின் ரூமுக்குப் போனார். கூடத் தங்கியிருக்கும் ஃபஸ்னா என்ற பெண் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: ஒரு சின்னப் பெட்டியோடு லீவ் போட்டுவிட்டுப் போனாள், எங்கே என்று சொல்லவில்லை, போன வாரம் முழுக்க ரோலாவில் லுக்மான் பாய் ஆபீசுக்குப் போய் வந்தாள். வீரபாண்டியின் சவுதி நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அவர்கள் அங்கே வந்தார்கள்.

போலீஸ் வந்து, கேள்வி கேட்டு, எழுதி வாங்கி, இருவரையும் வெளியே விடப் பதினொன்றரை ஆகிவிட்டது. நேற்று மதியம் கடைகள் அடைக்கும் நேரத்தில் நடந்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டார்கள்.

காருக்குள் உட்கார்ந்ததும் ரிபாய் மனதிலிருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். பானுப்பிரியா. ரோலா, நாலு ராத்திரி. அறுபத்தாறை ஒட்டி ரூம். தடிச்ச ஜாக்கெட், கையுறை. கல் வளையம் பார்க்கணும். கார் இல்லாம முடியாது. வியாழன் அசருக்குப் பின்னாடி.

"வியாழன் இன்னைக்குதான்," என்றாள் நாகவள்ளி.

"அதான் பயமா இருக்கு. அசர் தொழுகை முடிஞ்சு நாலு மணிக்கு மேல அந்தப் பொண்ணு ரூமுக்கு வரும். காக்காவைக் கொன்னவன் அங்க உக்காந்திருப்பான்."

வண்டியைக் கிளப்பியபடி நாகவள்ளி ஜாக்கெட், கையுறை என்பதைப் பிடித்துக்கொண்டாள். பிப்ரவரி ஷார்ஜாவில் ஒரு மெல்லிய சால்வையே அதிகம். "ரோலாவுல கையுறை போடுறது ரெண்டே பேரு பாய். ஒண்ணு பாத்திரம் கழுவுறவன், இன்னொண்ணு திருடன். அப்புறம் கார் எதுக்கு? இங்க காரோட வந்தா பார்க்கிங் கெடைக்கிறதுக்குள்ள விசா முடிஞ்சிரும்."

கல் வளையம் என்பது நகைக்கடையில் பார்க்க வேண்டிய மோதிரமாக இருக்கலாம் என்றார் ரிபாய். ஆனால் அவருக்கே அது ஒட்டவில்லை. இப்போதைக்குக் கையில் இருந்த ஒரே பிடி அறுபத்தாறு. ரோலாவில் அறுபத்தாறு வரை ரூம் நம்பர் போகிற பழைய பேச்சலர் கட்டடங்கள் இரண்டே இரண்டு.

முதல் கட்டடத்தில் அறுபத்தாறாம் ரூம் கதவின் தாழ்ப்பாள் பிய்ந்து தொங்கியது. நேற்றுச் சாயங்காலம் எல்லாரும் டூட்டியில் இருந்தபோது யாரோ உதைத்துத் திறந்திருக்கிறான், ஒரு பொருளும் களவு போகவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு பக்கத்து ரூம்களின் கதவுகளும் அதே கதி.

இரண்டாவது கட்டடத்துக்குப் போகும்போது மணி ஒன்று. வாட்ச்மேன் கேபின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பெரிய உடம்பு திணித்ததுபோலக் கிடந்தது. உஸைர் என்ற பட்டாணிய வாட்ச்மேன், பாகிஸ்தான்காரன். தாடை ஒரு பக்கம் இறங்கித் தாடி முழுக்க ரத்தம். கன்னத்தில் அதே வட்டம், அதே காசு அளவு. மூச்சு இருந்தது. ரிபாய் மண்டியிட்டு அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, உஸைர் ஏதோ சொல்ல முயன்றான். வாயிலிருந்து ஒரு பல்தான் வந்தது.

சுவரில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. அறுபத்தாறாம் ஆணியில் சாவி இல்லை.

ரிபாய் மேலே போய்ப் பார்த்தார். அறுபத்தாறு காலி ரூம். பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தேடியிருக்கிறான். அலமாரிக் கதவுகள் திறந்து கிடந்தன. ஆள் இல்லை.

ஆம்புலன்ஸ் உஸைரை ஏற்றிக்கொண்டு போனது. கூட வந்த போலீஸ்காரர், லுக்மான் வழக்கைப் பார்க்கும் அதிகாரி வரும்வரை இருவரும் கேபினை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு, மாடி ரூமைக் காவல் காக்கப் போனார். இடையில் பாண்டித்துரை போன் செய்தான். வாட்ச்மேன் ஒருவனை அடித்துப் போட்டிருக்கிறார்கள், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று கட்டடத்தின் பெயரை மட்டும் நாகவள்ளி சொன்னாள். உடனே வருகிறேன் என்றான்.

டீ போடலாம் என்று அவள் உஸைரின் எலெக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். கொதிக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் போனை நோண்டினாள். ரோலா, அறுபத்தாறு, கல் வளையம் என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டுத் தேடினாள். வந்ததைப் பார்த்து முதலில் எரிச்சலோடு தள்ளிவிட்டாள். பிறகு திரும்ப இழுத்துப் பார்த்தாள்.

"பாய், ரோலா ரெண்டு இருக்கு."

போனை அவர் பக்கம் நீட்டினாள். அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில், இருபதாயிரம் பேர் இருக்கும் ஒரு சின்ன நகரம். பெயர் ரோலா. ஊர் வழியாக 66 என்ற நம்பருள்ள பழைய நெடுஞ்சாலை போகிறது. அங்கே இருக்கும் யூனிவர்சிட்டியில் கருங்கற்களை வட்டமாக நிறுத்தி ஒரு கல் வளையம் கட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே குளிர் பூஜ்யத்துக்கும் கீழே. பெரிய ஏர்போர்ட்டிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும்.

ரிபாய் அதை இரண்டு முறை படித்தார். ஜாக்கெட், கையுறை, கார், கல், எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அந்தப் பெண் ரோலாவில் ஒளிந்துகொள்ளவே இல்லை. நாலு நாள் லீவுக்கு ஒரு சின்ன அமெரிக்க ஊருக்குப் போகிறாள். அசருக்குப் பின்னால் என்று எழுதியிருந்தது ரூமுக்கு வரும் நேரமல்ல, விமானம் கிளம்பும் நேரம். துபாய் ஏர்போர்ட்டில் போய்ப் பிடித்துவிடலாம்.

"பாண்டித்துரைக்குச் சொன்னா அந்த மனுஷன் அழுதுருவாரு," என்றாள் நாகவள்ளி.

சொல்லி முடிக்கவில்லை. அவனே வாசலில் நின்றான். வேர்த்திருந்தான். சட்டையை வெளியே விட்டிருந்தான். அவள் எழுந்து, உங்கள் தங்கச்சி இருக்கிற இடம் தெரிந்துவிட்டது என்றாள்.

"எங்க? அறுபத்தாறுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எல்லா ரூமும் பாத்தாச்சே," என்றான் பாண்டித்துரை.

கெட்டில் கொதித்து நின்றது. 'டிக்' என்ற அந்தச் சத்தம் கேபினுக்குள் பெரிதாகக் கேட்டது.

ரிபாய் கட்டிலிலிருந்து எழவில்லை. நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை அவர் இவனுக்குச் சொல்லவில்லை. நாகவள்ளியும் சொல்லவில்லை. உஸைருக்குப் பேச வாய் இல்லை. அந்த எண் தெரிந்த இன்னொரு ஆள், லுக்மான் காக்காவின் எதிரில் நின்றவன் மட்டும்தான்.

"அறுபத்தாறுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார்.

பாண்டித்துரை அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு பின்கையால் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். சட்டைக்கு அடியிலிருந்து அவன் எடுத்தது சாரம் கட்டுகிறவர்கள் இடுப்பில் செருகியிருக்கும் ஸ்பேனர். அதன் தலை வட்டமாக இருந்தது. காசு அளவுக்கு.

"அந்தக் கெழவன்தான் சொன்னான். ரோலா, அறுபத்தாறு ஓரம்னு. ஒரு வெரல ஒடிச்சேன், அதையேதான் சொன்னான். மூணு வெரலுக்கும் அதையேதான் சொன்னான். இப்ப நீங்க சரியாச் சொல்லுங்க."

ரிபாய்க்கு அந்த நேரத்தில்தான் புரிந்தது. காக்கா பொய் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறார். எந்த ரோலா என்பதை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொண்டு செத்திருக்கிறார்.

ஸ்பேனர் இறங்கியது. ரிபாய் தலையை விலக்கினார், தோள் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அவர் தரையில் விழ, இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியவன் முகத்தில் நாகவள்ளி கெட்டிலைக் கவிழ்த்தாள். கொதிக்கிற தண்ணீர் முழுவதும் கண்ணிலும் கழுத்திலும் இறங்கியது. பாண்டித்துரை அலறிக்கொண்டே குருட்டாம்போக்கில் சுழற்றினான். ஸ்பேனர் அவள் மணிக்கட்டில் பட்டுத் தெறித்தது. அவள் சுவரில் மோதி விழுந்தாள். சாவிகள் அவள் மேல் கொட்டின.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தம் வந்த திசையைப் பார்த்து அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான். எங்கே என்று கேட்டான். அவள் அவன் முகத்தில் துப்பினாள். அவள் தலையைச் சுவரில் ஒரு முறை அறைந்தான். மறுபடியும் அறைந்தான். தரையில் கிடந்த ரிபாய், நல்ல கையால் அவன் கணுக்காலைச் சுற்றி அணைத்துத் தன் முழு எடையோடும் புரண்டார். பாண்டித்துரை முன்னால் சாய்ந்தான். இரும்புக் கட்டிலின் விளிம்பு அவன் வாயைச் சந்தித்தது. அதற்குப் பிறகு அவன் எழ முயன்றான், முடியவில்லை. நாகவள்ளி தவழ்ந்து வந்து அவனிடமிருந்து நழுவிய ஸ்பேனரை எடுத்து, அதைப் பிடித்திருந்த அவனுடைய கையின் மேல் ஒரே அடி அடித்தாள். அடுத்த அடிக்கு ஓங்கியபோது ரிபாய் வேண்டாம் என்றார்.

மாடியிலிருந்து ஓடிவந்த போலீஸ்காரர் கதவை உடைத்துத் திறந்தபோது, பாண்டித்துரையின் பாக்கெட்டிலிருந்து விழுந்த சாவி தரையில் கிடந்தது. அறுபத்தாறாம் நம்பர் சாவி.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அதிகாரி சொன்னார். தோளுக்கு ஒரு கட்டு மட்டும் போடச் சொல்லி, ரிபாய் யான்பு நம்பருக்குப் போன் போட்டார். பெரிய மீசைக்குப் பின்னாலிருந்து வந்தது மிக மெல்லிய குரல். வீரபாண்டி எட்டு மாதமாக யான்புவைத் தாண்டவில்லை. இப்போதும் டூட்டியில்தான் இருந்தான். பானுப்பிரியாவை அந்த ஊருக்குப் போகச் சொன்னதே அவன்தான். அவளுடைய சிநேகிதி விஜி அங்கே படிக்கிறாள், அவளைப் பார்க்கப் போன வருஷமே எடுத்த விசா கையில் இருந்தது. இரண்டு நாளாகத் துபாயில் ஒரு ஹோட்டலில் இருந்தாள், ஐந்தே முக்காலுக்கு விமானம் என்றான். ஏன் போகிறாள் என்று ரிபாய் கேட்டார். அதை அவள்தான் சொல்ல வேண்டும் என்றான். அவளுடைய அண்ணனிடம் மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினான்.

ஒற்றைக் கையால் வண்டி ஓட்ட முடியாது என்பதால், ஒரு போலீஸ் வண்டியிலேயே இருவரும் துபாய்க்குப் போனார்கள். வழியெல்லாம் நெரிசல். நாகவள்ளியின் தலையில் தையல் போட வேண்டிய காயம், மணிக்கட்டு வீங்கிப் பந்தாகியிருந்தது. ஷார்ஜா துபாய் ரோட்டில் சைரன் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது தன் பல நாள் ஆசை, ஆனால் அதற்கு இவ்வளவு செலவாகும் என்று யாரும் சொல்லவில்லை என்றாள்.

பானுப்பிரியா செக்-இன் வரிசையில் நின்றாள். முப்பத்திரண்டு வயதிருக்கும். கையில் ஒரு தடித்த நீல ஜாக்கெட். கட்டும் ரத்தமுமாக இருவர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் நர்ஸுக்கு உரிய பார்வையோடு முதலில் ரிபாயின் தோளைத்தான் பார்த்தாள்.

அவர் மெதுவாகச் சொன்னார். லுக்மான் காக்கா இறந்ததை முதலில் சொன்னார். எப்படி இறந்தார் என்பதையும், அவர் கடைசிவரை சொன்னது என்ன என்பதையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. நின்ற இடத்திலேயே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவளே சொன்னாள். இருபது நாள் முன்பு அண்ணனின் வேலைத் தளத்திலிருந்து கார்மேகம் என்ற சாரம் கட்டுகிறவரைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். முதுகுளத்தூர் பக்கத்து ஆள். நாலாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டார் என்று அவளுடைய அண்ணன் எழுதிக் கொடுத்தான். உயிர் போன பிறகு அவள் உடம்பைத் துடைத்தபோது பின்மண்டையில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. வேறு எங்கும் ஒரு எலும்புகூட முறியவில்லை. கொண்டுவந்தவர்களில் ஒருவன் அவளிடம் ரகசியமாகச் சொன்னான்: காற்று பலமாக வீசுகிறது, ஆட்களை மேலே ஏற்ற மாட்டேன் என்று கார்மேகம் சொல்லியிருக்கிறார். அண்ணன் எல்லார் முன்னாலும் அடித்திருக்கிறான். வாய் திறந்தால் அடுத்தது நீங்கள் என்று மற்றவர்களை மிரட்டியிருக்கிறான். அவள் அந்தக் காயத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணனைக் காட்டிக்கொடுப்பதா, போட்டோவை அழிப்பதா என்று தூங்காமல் கிடந்தாள். விஜியைத் தவிரத் தன்னை யாருக்கும் தெரியாத ஒரு ஊரில் நாலு நாள் உட்கார்ந்து யோசித்தால் முடிவு வரும் என்று தோன்றியது. லுக்மான் பாய் காரணம் கேட்கவில்லை. அவர் அமெரிக்கா போனதே கிடையாது. ஆனால் அவரே போகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சொன்னார். கல் வளையத்தை வெயில் சாயும்போது பாரும்மா, அப்போதுதான் நிழல் நன்றாக விழும் என்றாராம்.

விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அண்ணன் பிடிபட்டுவிட்டான், போய்விட்டு வந்து சாட்சி சொல்லலாம், கட்டாயமில்லை என்றார் ரிபாய். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற ஒருவர் பெட்டியைத் தள்ளச் சொன்னார்.

பானுப்பிரியா போனை எடுத்தாள். கார்மேகம் வீட்டுக்காரம்மா சரோஜாவின் நம்பர் தன்னிடம் இருக்கிறது என்றாள். இறந்த அன்று ஊருக்குத் தகவல் சொன்னதே பானுப்பிரியாதான். அண்ணன் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்துக் காட்டியிருந்தாள்.

மணி நான்கைத் தாண்டியிருந்தது. ஊரில் ஐந்தரை இருக்கும். நாகவள்ளி வீங்காத கையால் அவளுடைய பெட்டியை வரிசையிலிருந்து வெளியே இழுத்து வைத்தாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். பின்னணியில் ஆடு கத்தும் சத்தம் போனைத் தாண்டிக் கேட்டது.

"அக்கா, சார்ஜாவுல இருந்து நர்ஸ் பானு பேசுறேன். அன்னைக்கு நான் உங்ககிட்ட சொன்னது பொய்க்கா. அவரு மேல இருந்து விழல." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அடிச்சது என் அண்ணன்."